பெரியம்மா கிரேன் ஏறிய கதை

எங்கள் பெரியம்மாவைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. வாய் முந்திக்கொள்ளும், மூச்சு பின்னால் ஓடி வரும். தொண்ணூற்றிரண்டு வருஷம் வாழ்ந்தவள். அதில் முப்பத்தாறு வருஷம் துறைமுகத்தில், தரையிலிருந்து எழுபது அடி உயரத்தில், சுற்றிலும் கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து கிரேன் ஓட்டியவள். இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் இருபத்து மூன்று பேர். அவள் மட்டும் ஒருநாள் மேஸ்திரி சொன்ன சொல்லைக் கேட்டிருந்தால் இதில் பாதிப் பேர் பிறந்தே இருக்க மாட்டார்கள். மிகையில்லை, கேளுங்கள்.

அவளுக்குப் பதினெட்டு வயதாகும்போது தாத்தா காய்ச்சலில் போய்விட்டார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். பாட்டி அதற்கு முன்பே போயாயிற்று. கீழே இரண்டு தம்பிகள், மூன்று வயதில் ஒரு தங்கை. அந்தத் தங்கைதான் என் அம்மா. துறைமுகத்தில் இரக்கப்பட்டு அக்காக்காரிக்குப் பெருக்குகிற வேலை கொடுத்தார்கள். நாலு வருஷம் பெருக்கினாள். கை தரையைப் பெருக்கியது, கண் மேலேயே இருந்தது. கொக்கியில் தொங்கும் பெட்டி எப்போது ஆடுகிறது, எந்த ஓட்டுநர் அதை அடக்குகிறார், எவர் மேலும் ஆட விடுகிறார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஒருநாள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். கிரேன் ஓட்ட ஆள் தேவை, ஊழியர் அனைவரும் பயிற்சிக்கு வரலாம் என்று. பெரியம்மா நேராகப் போய்ப் பெயர் கொடுத்தாள். குமாஸ்தா, இது ஆம்பளைங்களுக்கும்மா என்று சிரித்திருக்கிறார்.

“அனைவரும்னு போட்டிருக்கே சார். நான் ஊழியர் இல்லன்னா சொல்லிடுங்க. தொடப்பத்த இங்கேயே வச்சிட்டுப் போயிடறேன்.”

குமாஸ்தா துடைப்பத்தைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார், பெயரை எழுதிக்கொண்டார்.

பதினைந்து நாள் பயிற்சி. கடைசியில் தேர்வு. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய வாளியைக் கொக்கியில் தூக்கி, கிடங்கைச் சுற்றிக் கொண்டுபோய், மறுபக்கம் இருக்கும் மேஜைமேல் இறக்க வேண்டும். முதலில் போனவர் பாதியைச் சிந்தினார். அடுத்தவர் தேர்வு நடத்திய அதிகாரியைக் குளிப்பாட்டினார். மூன்றாவது பெரியம்மா. சுமை முன்னால் ஆடும்போது நிறுத்தக் கூடாது, அதோடு கூடவே போய் அதைப் பிடித்துவிட வேண்டும் என்பது நாலு வருஷம் அண்ணாந்து பார்த்துக் கற்றது. வாளி மேஜையில் வந்து உட்கார்ந்தது. அதிகாரி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து வாளியின் வெளிப்புறத்தைத் தடவிப் பார்த்தார். ஈரமே இல்லை.

அப்படித்தான் மேலே ஏறினாள். ஆறு வருஷம் கழித்து, அவளுக்கு இருபத்தெட்டு வயதில், பஞ்சுக் கப்பல் வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். கப்பலின் நடுவில் எங்கேயோ ஒரு பொதி புகைய ஆரம்பித்தது. பஞ்சுக்குச் சொல்லவா வேண்டும்? நெருப்பு கண்ணை மூடித் திறப்பதற்குள் தளத்தின் குறுக்கே சுவர் மாதிரி எழும்பிவிட்டது. முன்பக்கம் இருந்தவர்கள் ஏணி வழியாக இறங்கி ஓடிவிட்டார்கள். பின்பக்கம் ஏழு பேர் மாட்டிக்கொண்டார்கள். கடல் பக்கம் குதிக்கலாம் என்றால் தண்ணீரில் எண்ணெய் பரவி அங்கேயும் எரிகிறது. மேஸ்திரி கீழே நின்று இரண்டு கையையும் ஆட்டி, எல்லாரும் இறங்குங்கள், கிரேனை விட்டுவிட்டு ஓடுங்கள் என்று கத்தினார். மற்ற கிரேன்காரர்கள் இறங்கிவிட்டார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, உயிர் யாருக்கும் வெல்லம்தான்.

பெரியம்மா இறங்கவில்லை. கொக்கியில் ஏற்கெனவே ஒரு இரும்புத் தொட்டி மாட்டியிருந்தது. கிரேனைத் தண்டவாளத்தில் பின்னால் நகர்த்தினாள். கப்பலின் பின்பக்கத்துக்கு நேராக வந்ததும் புகை வந்து கண்ணாடியை மூடிக்கொண்டது. ஒன்றும் தெரியவில்லை. குத்துமதிப்பாகத் தொட்டியை இறக்கினால் அவர்கள் தலையிலேயே இறங்கும்.

அப்போது புகைக்குள் ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. மறைந்தது. மறுபடியும் அடித்தது. கப்பலின் சமையல்காரர் பெரிய அண்டாவின் மூடியைத் தலைக்கு மேல் பிடித்து, வெயிலை அவள் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். இங்கே இறக்கு, இங்கே. அந்தப் பளபளப்பைக் குறிவைத்துப் பெரியம்மா தொட்டியை இறக்கினாள். தொட்டியில் நாலு பேருக்குத்தான் இடம். நாலு பேர் ஏறினார்கள். தூக்கி, கரையில் வைத்து, மறுபடி அனுப்பினாள். மூடி அதே இடத்தில் மின்னியது. இரண்டாவது முறை மூன்று பேர். சமையல்காரர் கடைசியாக மூடியோடு ஏறினார். அவர்கள் கரையில் கால் வைத்துக் கொஞ்ச நேரத்தில் கப்பலின் பின்பக்கமும் பற்றிக்கொண்டது.

பெரியம்மாவிடம் பயமாக இல்லையா என்று கேட்டிருக்கிறேன். இறங்கினதும் ஆறிப்போன மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன் என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் அவளுக்கு இரண்டு கடிதம் வந்தது. ஒன்று துறைமுகத் தலைவரிடமிருந்து பாராட்டு. இன்னொன்று, உத்தரவை மீறியதற்கு விளக்கம் கேட்டு மேஸ்திரி அனுப்பியது. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் போட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

மூன்றாம் நாள் சமையல்காரர் நன்றி சொல்ல வந்தார். மேலே வேலையாக இருக்கிறாள் என்றார்கள். மனுஷன் காத்திருக்கக் கூடாதா? ஏணியில் ஏறிவிட்டார். ஏறி முடித்துக் கீழே பார்த்த பிறகுதான் தனக்கு உயரம் ஆகாது என்பது தெரிந்திருக்கிறது. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

“நன்றி சொல்லத்தான் வந்தேன். சொல்லிட்டேன். இப்ப எப்படி எறங்கறது?”

“எறங்கத் தெரியாதவர் எதுக்குங்க ஏறினீங்க?”

“நீங்க மேல இருக்கீங்கன்னு சொன்னாங்க.”

பெரியம்மா வேலை முடியும்வரை அவரை அறைக்குள் உட்கார வைத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு படியாக, அவருக்குக் கீழே தான் நின்று, அவர் காலைப் பிடித்துப் படியில் வைத்து இறக்கினாள். ஒரு மணி நேரம் ஆனதாம். தரைக்கு வருவதற்குள் பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது. அவர்தான் எங்கள் பெரியப்பா. கப்பலை விட்டுவிட்டுத் துறைமுகக் கேன்டீனில் சேர்ந்தார். அவர்களுக்கு நாலு பிள்ளைகள். வீட்டுச் சமையல் கடைசிவரை அவருடையது. பெரியம்மாவுக்கு வெந்நீர் வைக்க மட்டும் தெரியும். அதையும் ஒருமுறை அடிப்பிடிக்க விட்டாள் என்பது பெரியப்பாவின் குற்றச்சாட்டு.

தம்பிகள் இருவரையும் படிக்க வைத்தாள். ஒருவர் பல் வைத்தியர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். என் அம்மாவுக்கும் கல்யாணம் செய்துவைத்தாள். அது சரியாக அமையவில்லை. எனக்கு ஐந்து வயதில் அம்மா ஒரு கையில் பெட்டியும் மறு கையில் நானுமாக அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். என்ன கேட்பார்களோ என்று வழியெல்லாம் பதில்களை ஒத்திகை பார்த்தபடியே வந்தாளாம். பெரியம்மா கதவைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு என்னிடம் குனிந்தாள்.

“உனக்கு மேல் கட்டில் வேணுமா, கீழ் கட்டில் வேணுமா?”

மேல் கட்டில் என்றேன். சந்தோஷத்தில் குதித்தேன் என்றும் சொல்ல வேண்டும். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள், பெரியம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதையும் கேட்கவில்லை. பல மாதம் கழித்து அம்மாவே சொன்னபோதுதான் கேட்டுக்கொண்டாள். அடுத்த வருஷம் அம்மா நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். பரீட்சைக்கு அவள் படிக்கும்போது வீட்டில் ஒரு ஸ்பூன் விழுந்தாலும் பெரியம்மா பார்க்கிற பார்வையில் நாங்கள் பிள்ளைகள் ஐந்து பேரும் சிலையாகிவிடுவோம்.

பெரியப்பா அவளுக்குப் பத்து வருஷம் முன்னால் போனார். அப்புறம் ஒரு காலையில் எழுந்து, எண்பத்து மூன்று வயதில், நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். எல்லாரும் தடுத்துப் பார்த்தோம். மூன்று மாதத்தில் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனாள். ஆமை வேகம்தான், ஆனால் போனாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாய்வு நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவள் அப்படியே கண்ணயர்ந்தாள். எழுந்திருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. முதலில் அழுதோம். பிறகு வாத்தியார் மாமா வாளிக் கதையை ஆரம்பித்தார். பல் வைத்தியர் மாமா அதைத் திருத்தினார். பிள்ளைகள் ஏணிக் கதையைக் கேட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசி, அழுகையும் சிரிப்புமாகக் கூரை பறந்தது.

மாடியில் புதிதாகக் குடிவந்த பெண்ணுக்கு விஷயம் தெரியாது. கீழே வந்து, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கூச்சத்தோடு கேட்டாள். கதவருகே நின்ற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்க அக்கா தொண்ணூத்திரெண்டு வருஷம் இருந்தா. அதான் விசேஷம். உள்ள வந்து உக்காரும்மா, சொல்றேன்.”