அத்தை சொன்ன டார்ச்சர்

அன்றைக்குக் கூடத்தில் இருந்தது ஏழு பேர். நைனா, அம்மா, பெரியப்பா, சபைப் போதகர், நைனாவின் தங்கையான அத்தை, அவளைத் திரும்ப அழைத்துப்போக நகரியிலிருந்து வந்த மாமா, அப்புறம் சின்னப் பெண்ணான நான். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். ஏழுதான்.

அத்தை முந்தின நாள் சித்தூரில் எங்கள் வீட்டுக்கு வெறும் கைப்பையோடு வந்து இறங்கினாள். ஏன் வந்தாய் என்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் பெரியப்பா கேட்டதற்கு, "டார்ச்சர் பண்றாரு அண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. அந்த இங்கிலீஷ் வார்த்தையை வீட்டில்தான் கற்றேன். கொசு டார்ச்சர், கரண்ட் கட் டார்ச்சர், தட்டில் சோற்றை மிச்சம் வைக்கும் நான் எல்லாவற்றிலும் பெரிய டார்ச்சர். அதனால் அத்தை சொன்னதைக் கேட்டு யாரும் பதறவில்லை.

"உங்கண்ணன் எனக்குப் பண்ணாத டார்ச்சரா?" என்று அம்மா சிரித்தாள்.

மாமாவும் சிரித்தார். "நல்லா கேளுங்கக்கா. கொழம்புல உப்பு இல்லன்னா டார்ச்சராம். நாள் முச்சூடும் தறியாண்ட நின்னுக்கினு கெடக்கறவன் நானு."

"நா போமாட்டேன்" என்றாள் அத்தை.

போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஜெபம் பண்ணிக்கலாம்" என்றார். எங்கள் சபை வீடுகளில் ஜெபம் பண்ணிவிட்டால் பேச்சு முடிந்தது. ஆமெனுக்குப் பிறகு பழைய வழக்கை யாரும் எடுக்கமாட்டார்கள்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். கண்ணை மூடினாலே எனக்குப் பயம், திறக்கும்போது யாராவது குறைந்திருப்பார்களோ என்று. எண்ணிப் பார்க்கத் திறந்தேன்.

மாமாவின் கண்கள் மூடியிருந்தன. உதடுகள் ஜெபித்துக்கொண்டிருந்தன. அவர் குதிகால், பக்கத்து நாற்காலியில் இருந்த அத்தையின் கால் சுண்டுவிரல்மேல் நின்று மெதுவாகத் திருகிக்கொண்டிருந்தது. அத்தை காலை இழுக்கவில்லை. அவள் கண்ணும் திறந்திருந்தது. ஒரு தரம் கீழே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

ஜெபத்தில் கண் திறந்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள். அத்தையும் மாட்டிக்கொள்வாளே என்று அம்மா பக்கம் பார்த்தேன்.

ஆமென் ஆயிற்று. "பாப்பா, கண்ண மூடிக்கினுதான இருந்தே?" என்றாள் அம்மா.

அத்தை என் வாயையே பார்த்தாள்.

"ஆமா. அத்தையும் மூடிக்கினுதான் இருந்தாங்க" என்றேன்.

அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து, மாமாவின் பின்னால் நகரி பஸ்ஸுக்கு நடந்தாள். அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை என்ற நிம்மதியில் அன்றைக்கு நான் தட்டில் சோற்றை மிச்சம் வைக்கவில்லை.