அறுபத்தொரு குப்பைத்தொட்டிகளும் ஒரு தண்ணீர் லாரியும்

2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது பத்து. மேகம் இருந்தது, மழை இல்லை. புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகு, தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வாரம் இரண்டு மணி நேரம் ‘படைப்பாற்றல்’ என்ற பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அன்று மாலை நான்கு மணிக்குள் மாணவர்களின் ப்ராஜெக்ட் அறிக்கைகள் துறைத்தலைவரிடம் போயாக வேண்டும்.

வகுப்பில் அறுபத்திரண்டு பேர். சொந்தமாக எதையாவது செய்து வாருங்கள் என்று மூன்று வாரம் முன்பு சொன்னபோது, மாதிரி காட்டச் சொல்லி விடாமல் கேட்டார்கள். தொல்லை தாங்காமல், தானாக மூடி திறக்கும் குப்பைத்தொட்டி ஒன்றின் படத்தைக் காட்டித் தொலைத்தேன். இப்போது மேசைமேல் அறுபத்தொரு குப்பைத்தொட்டி அறிக்கைகள். அவற்றில் பதினேழில் எழுத்துப்பிழைகூட ஒரே மாதிரி.

மீதி ஒருத்தி மேடவாக்கத்து அடுக்குமாடியிலிருந்து வருபவள். பழைய காலண்டர் அட்டையின் பின்புறம் கட்டம் போட்டு ஒரு விளையாட்டு செய்திருந்தாள். தாயக்கட்டை உருட்டித் தண்ணீர் லாரியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வழியில் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மறிப்பார், மோட்டார் கெடும், மேல்வீட்டுக்காரர் முந்திக்கொள்வார். முந்தின வாரம் வகுப்பில் நான்கு பேர் ஆட, இருபது பேர் சுற்றி நின்று சண்டை போட்டார்கள். இரண்டு ஆண்டுகளில், மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகாதது அன்றுதான்.

ஆனால் அவளிடம் அறிக்கை இல்லை. நாற்பது பக்கத்துக்குக் குறையாமல் பைண்டிங் செய்து தராவிட்டால் மதிப்பெண் பூஜ்யம். அரியர் விழுந்தவர்களைக் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரவே விடமாட்டார்கள்.

“விளையாட்டுக்கு நாப்பது பக்கம் என்ன சார் எழுதறது? ஃப்ரெண்டோட டஸ்ட்பின்னையே பேர் மாத்திக் குடுத்துடறேன், விடுங்க,” என்றாள்.

சரி என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. வாதாடத் தெம்பில்லை. பழக்கதோஷத்தில் கட்டங்களை எண்ணினேன். முப்பத்தாறு. தலைப்பு, சான்றிதழ், நன்றியுரை, முடிவுரை சேர்த்தால் நாற்பது.

“ஒரு கட்டத்துக்கு ஒரு பக்கம். போட்டோ எடும்மா.”

“சீட்டிங் சார் இது.”

“டஸ்ட்பின் மட்டும்?”

சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். படத்துக்குப் படம் நாலு வரி எழுதி முடிக்க மதியம் இரண்டாகிவிட்டது. எதிரே ஜெராக்ஸ் கடையில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றோம். என் முழங்கால் இரண்டும் கடுத்தன. மூன்று ஐம்பதுக்குத் துறைத்தலைவர் விரலை நனைத்துப் பக்கங்களை எண்ணினார். ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவள் அட்டையைச் சுருட்டாமல் மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

கடைக்காரர் ரொக்கம்தான் வாங்குவார். அவளிடம் இருந்தது பஸ் காசு. கலர் பிரிண்ட் முப்பத்தாறு, கறுப்பு வெள்ளை நான்கு, பைண்டிங் ஒன்று. என் பையிலிருந்து நானூற்றுப் பதினெட்டு ரூபாய்.