கொட்டச்சேட்டில் பிடுங்கி எறிந்த நாற்றுகள்

மூன்று வருஷத்துக்கு முன் ஏற்காடு போனபோது கொட்டச்சேட்டில் சரசு, சின்னசாமி தம்பதியின் வீட்டில் தங்கினோம். அவர்களுக்குச் சொந்தமாக இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். நான் ஈரோட்டில் ஒரு கல்லூரியில் மரபியல் நடத்துகிறேன் என்று அப்போது உளறியிருக்கிறேன். இந்த டிசம்பரில் சரசு போன் செய்தார். இலைத்துரு நோயில் தோட்டமே மொட்டையாகி, ஒரே ஒரு மரம் மட்டும் தப்பியதாம். அதன் விதையில் நாற்று விட்டிருக்கிறார்கள். அதை நம்பிப் பழைய செடிகளில் பாதியைப் பிடுங்கியும் விட்டார்கள். சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

சேலத்தில் காலை ஏழு மணிக்குப் பஸ். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள், அதனால் இட்லியை மேலே போய்ச் சாப்பிடுவது நல்லது. ஏற்காட்டில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன், போக மட்டும் நானூறு ரூபாய்.

“சுத்திப் பாக்கவுங்களா?” என்றார் ஓட்டுநர்.

“ஒரு காப்பி மரத்தைப் பாக்கணும்.”

“ஒண்ணையா? இங்க பூரா அதுதானுங்களே!”

தப்பிய மரம் தூரத்திலேயே தெரிந்தது. நல்ல உயரம், அகன்ற இலை. இவர்கள் வளர்ப்பது இலைத்துருவுக்குச் சீக்கிரம் பலியாகும் அராபிகா இனம்; அதில் பக்கத்துத் தோட்டத்து ரொபஸ்டாவின், நோய் தாங்கும் இனத்தின், மகரந்தம் கலந்திருக்க வேண்டும். அராபிகாவே கலப்பில் பிறந்ததுதான். என்றோ காட்டில் ரொபஸ்டாவும் இன்னொரு காப்பி இனமும் சேர்ந்து, இரண்டின் மரபணுக்களும் ஒரே செடியில் குடியேறிவிட்டன. அது பழைய கல்யாணம். தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் பிள்ளைகளும் தாயைப் போலவே வரும். புதுக் கலப்பில் அப்படியில்லை. குரோமோசோம்கள் ஒத்துப்போகாமல் காய் சொற்பமாகும், பிள்ளைகள் ஆளுக்கொரு சாயலில் முளைக்கும்.

ஆனால் நாற்றங்காலில் எல்லாம் ஒரே உயரம், ஒரே இலை. கலப்பின் பிள்ளைகள் இப்படி இருக்க முடியாது.

“முளைச்சதே இப்படித்தானா?”

“இல்லீங்க மேடம். பெரிய இலை, குட்டை, நெட்டைன்னு தாறுமாறா வந்துச்சு. அதெல்லாம் பிடுங்கிட்டு, பழைய செடியாட்டம் நல்லதா நிறுத்தியிருக்கறனுங்க,” என்றார் சின்னசாமி பெருமையாக.

அவர் மேல் தப்பில்லை. அராபிகா நாற்றங்காலில் வேறு மாதிரி வருவதைக் களைவதுதான் இங்கே சுத்தமான வேலை. அப்படிக் களைந்ததில் தப்பிய மரத்தின் சாயல் கொண்டதெல்லாம் போய்விட்டது. ஓர் இலையைத் திருப்பினேன். அடியில் ஆரஞ்சுப் பொடி, இலைத்துருவேதான்.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. சின்னசாமி இன்னும் நாலைந்து நாற்றின் இலைகளைத் திருப்பிப் பார்த்தார். மனிதன் பயிர்களை உண்டாக்கியதே இப்படிப் பொறுக்கியும் எறிந்தும்தான். எறிந்ததில் என்னவெல்லாம் போனதென்று யாருக்குத் தெரியும்?

“வீசினது எருக்குழியில மக்கிப் போச்சுங்க,” என்றார் சரசு. மரத்தில் இந்த வருஷம் இரண்டு கைப்பிடிப் பழம் தேறும். “மறுபடி விதைச்சா எதைப் பிடுங்கறதுங்க?”

“எதையும் பிடுங்காதீங்க. எல்லாத்தையும் நடுங்க. நோய் தொடாததுல எது நல்லாக் காய்க்குதோ, அதை வெச்சுக்கங்க.”

“அதுக்கு எத்தன வருசமாவுங்க?”

“காய்க்கவே நாலு வருஷம் ஆகும்.”

“அதுவரைக்கும் சோத்துக்கு?”

என் வகுப்பில் யாரும் இதைக் கேட்டதில்லை.

போகிறவர்களுக்கு: கொட்டச்சேட்டுக்குப் பஸ் குறைவு, திரும்பி வரவும் ஆட்டோவைப் பேசி வையுங்கள். டிசம்பரில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. சரசு வீட்டுத் தோட்டத்து நிழல் மரங்களில் மிளகுக்கொடி செழிப்பாக ஏறியிருக்கிறது. மிளகை அவர்கள் வீட்டிலேயே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். இனி நாலு வருஷம் அந்த வீட்டில் அதில்தான் அடுப்பெரிய வேண்டும்.