பதினோரு மணிக்கு உடையும் படம்

மாட்டுப்பட்டி அணைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எனக்கு வேலை. தேயிலை பறிக்கத் தெரியாது, அரைக்கத் தெரியாது, குடிக்கிற மாதிரி ஒரு டீ போடவும் தெரியாது. எஸ்டேட் ஆபீஸ், ஃபாக்டரி, டிஸ்பென்சரி மூன்றுக்கும் இன்டர்நெட் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. கொச்சியில் இருக்கும் ஒரு கம்பெனி என்னை இங்கே நட்டுவைத்துவிட்டு, வேர் பிடித்துவிட்டேனா என்று மாதம் ஒருமுறை போனில் விசாரிக்கும்.

எங்கள் மலைக்கு லைன் இரண்டு. ஒன்று, ரோட்டோரக் கம்பங்களில் தொங்கிக்கொண்டு வரும் ஃபைபர். நல்ல லைன்தான், ஆனால் எஸ்டேட் வாங்கியிருக்கும் அளவு குறைவு, சட்டென்று நிரம்பிவிடும். இன்னொன்று மொபைல் சிம். அணைக்கு டூரிஸ்டுகள் வந்து சேரும் வரைக்கும் அது பிழைத்திருக்கும். பதினோரு மணிக்கு வேன்கள் வந்து நின்று, ஆளுக்கு நாற்பது படம் எடுத்து ஊருக்கு அனுப்ப ஆரம்பித்தால் டவர் மூச்சு வாங்கிவிடும்.

இரண்டு லைனுக்கும் நடுவில் ஒரு பெட்டி. எது எந்த வழியாகப் போகவேண்டும் என்று அதற்கு நான் விதிகள் எழுதிக் கொடுப்பேன். எஸ்.டி.வான் என்று இந்த ஏற்பாட்டுக்குப் பெயர். பெட்டி என் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதன்படி செய்துவிட்டு, கீழே இருப்பதைக் கண்ணெடுத்தும் பார்க்காது. பரீட்சையில் முதல் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு எழுந்து வந்துவிடும் ரகம். நானும் அப்படிப் படித்தவன்தான், அதனால் அந்தப் பெட்டியோடு எனக்கு ஒத்துப்போனது.

மனிதர்களோடுதான் ஒத்துப்போக வாய்ப்பு கிடைக்கவில்லை. இன்டர்நெட் ஓடும்வரை இன்டர்நெட்காரனோடு பேச யாருக்கும் ஒன்றும் இருப்பதில்லை. என்னைத் தேடி ஆள் வந்தால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். எதுவும் கெடாமலே நாலைந்து நாள் போனால், சின்னதாக ஏதாவது கெட்டால் தேவலை என்று ஆசைப்பட்டிருக்கிறேன். ஆபீஸுக்குப் பின்னால் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். ஒரு அறையில் நான். இன்னொரு அறையில் நான் துவைத்துப் போட்ட சட்டைகள். ஈரம் காயாமல் அவையும் அங்கேயே குடியிருந்தன.

வீடு முதலமடையில், மாந்தோப்பை ஒட்டி. மனைவி அங்கே. தோப்பு வேலை இருப்பதால் அவள் மலையேற முடியாது, பெட்டி இருப்பதால் நான் இறங்க முடியாது. வந்த முதல் வாரம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்:

“ஏனுங்க, வெச்சுரட்டுங்களா? கொழம்பு தாளிக்கோணும்.”

“வெக்காத. அப்படியே சாத்தி வெச்சுட்டு நீ போய்த் தாளி.”

“என்னத்தப் பாப்பீங்க, செவுத்தையா?”

“செவுத்தத்தான்.”

“மலைக்குப் போயிக் கிறுக்குப் புடிச்சுருச்சுங்களா உங்களுக்கு?” என்றாள். ஆனால் போனை எண்ணெய் டின் மேல் சாத்தி வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. காலை ஆறு மணிக்குக் கூப்பிடுவேன், சாயங்காலம் வரை லைன் திறந்தே இருக்கும். ஆபீஸில் என் மேஜைமேல் போனை நிறுத்தி வைத்திருப்பேன். அடுப்படிச் சுவரில் பாதி, காலண்டரில் பாதி, எப்போதாவது குறுக்கே போகும் ஒரு புடவைத் தலைப்பு. மாங்காய் லாரி பின்னால் எடுக்கும் சத்தம், மிக்ஸி, யாரையோ அவள் திட்டுவது. என்னைத் திட்டாமல் வேறு ஆளைத் திட்டும்போது கேட்க நன்றாகவே இருந்தது.

சிம் வழியாகப் போனால் அந்தச் சுவர் அடிக்கடி நின்றுவிடும். சுவர் நின்றால் எப்படித் தெரியும் என்று கேட்கலாம்; மிக்ஸி பாதியில் நிற்கும். விதி எழுதுகிறவனே நான்தானே? என் போனிலிருந்து போகும் வீடியோ எப்போதும் ஃபைபரில் என்று, எல்லாவற்றுக்கும் மேலே, முதல் விதியாக எழுதினேன். யார் கண்ணிலாவது பட்டால் மானம் போகுமே என்று அதற்கு ‘அத்தியாவசிய சேவை’ என்று பெயரும் வைத்தேன். பிறகு மறந்துபோனேன்.

சில மாதங்கள் கழித்து டிஸ்பென்சரிக்கு வியாழக்கிழமைதோறும் டாக்டர் வர ஆரம்பித்தார், திரையில். பாலக்காடு டவுனில் இருக்கும், கால் புண்களைப் பார்க்கிற டாக்டரம்மா. பதினோரு மணியிலிருந்து ஒரு மணி நேரம். அவருக்காக நாலாவது விதி எழுதினேன்: ஃபைபரில் இடம் இருந்தால் ஃபைபர், இல்லாவிட்டால் சிம். எழுதிவிட்டு, நாகரிகமான விதி என்று என்னையே பாராட்டிக்கொண்டேன்.

அந்த டாக்டருக்காகக் காத்திருந்தவர்களில் ஃபாக்டரியில் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் அண்ணனும் ஒருவர். சர்க்கரைக்காரர். பூட்ஸ் உரசி இடது காலில் புண். வாராவாரம் டாக்டர் அந்தக் காலைக் கண்ணால் பார்த்து, நிறம் மாறுகிறதா என்று சொல்லவேண்டும். நிறம் மாறினால் உடனே கீழே போகவேண்டும். மாறாவிட்டால் மருந்து போதும். அந்தப் புண்ணோடு வீணாக ஐந்தாறு மணி நேரம் பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டுப் போகவும் கூடாது. ஆக, எல்லாம் படம் தெளிவாகத் தெரிவதில் இருந்தது.

படம் தெளிவாகத் தெரியவில்லை.

முதல் வியாழன் டிஸ்பென்சரி சிஸ்டர் ஆபீஸ் போனில் கூப்பிட்டார். “சார், டாக்டரம்மா மொகமே பிச்சுப் பிச்சு வருது. இங்கிட்டு என்ன நடக்குதுன்னு அவுகளுக்கும் தெரியல, அங்கிட்டு என்ன சொல்றாகன்னு எங்களுக்கும் தெரியல.”

மறுநாள் டிஸ்பென்சரிக்குப் போனேன். வீட்டு லைனைத் துண்டித்துவிட்டு, என் போனிலிருந்து அவர்கள் டேப்லெட்டைக் கூப்பிட்டுப் பார்த்தேன். கண்ணாடி மாதிரிப் படம். “எல்லாம் சரியா இருக்குதுங்க சிஸ்டர்,” என்று சொல்லிவிட்டு, மேஜைக்குத் திரும்பி வீட்டைக் கூப்பிட்டுக்கொண்டேன். அந்த வாரம் மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் சரியாகவே இருந்தது. பழி பனிமூட்டத்தின் மேல் என்று கொச்சிக்கு எழுதிப் போட்டேன்.

இரண்டாவது வியாழன், போனை மேஜையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். பாய்லர் அண்ணன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். திரையில் டாக்டரம்மா கட்டம் கட்டமாக இருந்தார்.

“என்ன சிஸ்டர், நேக்கு ஒண்ணுமே தெரியலையே. அது கறுப்பா, நிழலா? கொஞ்சம் கிட்டக் கொண்டுவாங்கோ.”

“வெளிச்சம் பத்தலீங்க,” என்று நான் என் விஞ்ஞானத்தை எடுத்துவிட்டேன். “அண்ணா, கால ஜன்னல் பக்கம் திருப்புங்க.”

திருப்பினார். “இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்கண்ணா.”

“தம்பி, இதுக்கு மேல தூக்குனா நான் மல்லாக்க விழுந்துருவேன். அப்பறம் டாக்டரம்மா என் இடுப்பையும் சேத்துப் பாக்க வேண்டியதுதான்.”

சிஸ்டர் சிரித்தார். டாக்டரம்மா சிரித்தாரா என்று தெரியவில்லை, உறைந்துபோயிருந்தார். நான் டேப்லெட்டை நிறுத்தி மறுபடி போட்டேன், கவரைக் கழற்றினேன், சட்டைத் துணியால் கேமராவைத் துடைத்தேன். அரைமணி கழித்துச் சத்தம் மட்டும் வந்தது. “அடுத்த வாரமும் இப்படியே இருந்தா நான் ஒண்ணும் சொல்லறதுக்கில்லை. அவரைக் கீழ கூட்டிண்டு போயிடுங்கோ.”

“ஊருக்கே லைன் குடுக்க வந்தீக,” என்றார் அண்ணன் என்னைப் பார்த்து. “என் ஒரு காலுக்குக் குடுக்க முடியலயே.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பெஞ்சிலிருந்து இறங்கும்போது மட்டும் சிஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது வியாழன் நான் எங்கும் போகவில்லை. பத்தே முக்காலிலிருந்து பெட்டியின் திரைமுன் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு டாக்டரின் அழைப்பு வந்தது. நாலாவது விதி அதைப் படித்தது, ஃபைபரில் இடமில்லை என்றது, சிம்முக்குத் தள்ளியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஃபைபரில் ஏன் இடமில்லை? அந்த நேரத்தில் ஆபீஸில் யார் என்ன பெரிதாகச் செய்கிறார்கள்?

ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகளின் பட்டியலைத் திறந்தேன். உச்சியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். வீடியோ. காலை ஆறு மணியிலிருந்து. ஐந்து மணி நேரமாக, ஒரு நொடி விடாமல், ஃபைபரில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டு.

“எவன்டா இவன்?” என்று வாய்விட்டே கத்தினேன். ஃபாக்டரி ஆபீஸில் எவனோ கிரிக்கெட் பார்க்கிறான் என்று முடிவு கட்டி, மேனேஜருக்கு மெயில் எழுத ஆரம்பித்தேன். ‘ஒரு நோயாளியின் கால் ஆபத்தில் இருக்கும்போது, சிலர் பொறுப்பின்றி...’ என்று நல்ல வேகம் எடுத்துவிட்டது. ஆளின் பெயரையும் சேர்த்துவிடலாம் என்று பட்டியலில் அந்த இணைப்பின் வரியை அழுத்தினேன். கருவியின் பெயர் வந்தது. எந்த விதியில் நுழைந்தது என்பதும் வந்தது. அத்தியாவசிய சேவை.

போன் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அதில் பாதிச் சுவர், பாதிக் காலண்டர்.

சொல்லிவிட்டு வைக்கலாம் என்று, “இந்தா புள்ள,” என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. துண்டித்தேன். முதல் விதியை அழித்தேன். அழித்த சூட்டோடு டிஸ்பென்சரிக்குப் போன் போட்டு, “சிஸ்டர், டாக்டரம்மா லைன வெச்சுட்டு மறுபடியும் கூப்பிடுங்க, இப்பவே,” என்றேன். போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

“ஆ, இப்ப தெரியறது,” என்றார் டாக்டரம்மா. “சுண்டுவிரலை இப்படித் திருப்புங்கோ. இன்னும். சிஸ்டர், இது நிழல் இல்லை. இன்னிக்கே ஜீப்புல, கால நீட்டிப் படுக்க வெச்சு, கீழ கொண்டுபோகணும். நாளைக்குன்னு வெச்சுக்காதீங்கோ.”

மத்தியானம் ஜீப் போவதை ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பின்சீட்டில் தலையணை மேல் வெள்ளைக் கட்டுப்போட்ட ஒரு கால் தெரிந்தது.

அன்று சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். “ஏனுங்க, லைன் எப்பங்க கட்டாச்சு?”

“பதினொண்ணேகாலுக்கு.”

“அய்ய! நான் மத்தியானம் வரைக்கும் உங்ககிட்டப் பேசிட்டே இருந்தனுங்க. கேட்டுட்டு இருக்கறீங்கன்னு நெனச்சுட்டு.”

எனக்குத் தெரிந்து அவள் அந்தப் போனைப் பார்த்து மாதக்கணக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை. “என்ன பேசுன?” என்றேன்.

“அதெல்லாம் இப்ப மறந்துபோச்சுங்க. மறுக்கா எப்படிச் சொல்றது?”

பாய்லர் அண்ணன் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். கால் இருந்தது. சுண்டுவிரல் இல்லை. இரண்டு வாரம் முன்னாலேயே பார்த்திருந்தால் விரலும் தப்பியிருக்குமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். “அத யாரு சார் சொல்ல முடியும்?” என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். பிறகு தொழிலாளர் லயத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய், வாசல் கல்லில் உட்கார்ந்து, சுவர், காலண்டர், முதல் விதி எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கிற மாதிரிச் சொல்லப் பார்த்தேன், எனக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியாது.

அவர் கடைசிவரை கேட்டார். “நெசமாவே, வெறுஞ்சுவத்தையா பாத்துக்கிட்டு இருந்தீக?”

“ஆமாங்கண்ணா.”

“ஆளு கூடக் கெடையாதா?”

“எப்பவாச்சும் சேலைத் தலைப்பு வருமுங்க.”

விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டே, “சரி, அப்ப அந்த வெரலு ஒங்க வீட்டுச் சுவத்துக்குப் போச்சுன்னு வச்சுக்கிருவோம்,” என்றார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. ஒரு டீ வந்தது, குடித்தேன், எழுந்து வந்தேன்.

இப்போது பதினோரு மணிக்கு டாக்டரின் அழைப்புதான் முதல் விதி. என் போன் பட்டியலின் அடியில், டூரிஸ்டுகளோடு சிம்மில் அடித்துப்பிடித்துப் போகிறது. வியாழக்கிழமைகளில் நான் டிஸ்பென்சரிக்குப் போய்விடுகிறேன். லைன் சரியாக இருக்கிறதா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, பாய்லர் அண்ணன் காட்டவேண்டிய காலைக் காட்டி முடிக்கும்வரை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் முடிக்கும்வரையும்தான்.

போன வாரம் டாக்டரம்மா போனபிறகு சிஸ்டர் கேட்டார். “லைன்தான் நாலு வாரமா நல்லா ஓடுதே சார், நீங்க இன்னும் என்னத்தப் பாக்குறீக?”

“இல்லீங்க, எதுக்கும் ஒருக்கா...”

அவர் பிரஷர் பார்க்கும் கருவியை இழுத்து, “வந்ததுக்கு உங்களையும் பாத்துருவோம், சட்டைக் கைய மடக்குங்க,” என்றார்.

மடக்கினேன். துணிப்பட்டை இறுக ஆரம்பித்தது.

“பேசாதீக,” என்றார்.