டவர் பாறையில் காத்திருந்த அம்மா

எங்கள் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு மாரமங்கலம் வீடு தேடி வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் மகளின் வணக்கம். அம்மாவைப் பற்றி நான் எழுதப்போகிறேன் என்றதும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "நல்லதா நாலு வார்த்தை எழுது கண்ணு, அழுகாச்சியெல்லாம் வேண்டாம்" என்றார். பெரியப்பா என்னை மன்னிக்க வேண்டும். நல்லதும் எழுதுகிறேன். ஆனால் இந்த மலர் என் தம்பியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். அவன் எங்கே இருக்கிறான் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால் எதையும் மூடி மறைத்து எழுத என்னால் முடியாது.

அம்மா பிறந்தது ஏற்காடு மலையிலிருக்கும் கிளியூரில். அவருடைய தாய் தந்தையர் இருவரும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள். பள்ளிக்கூடம் போன காலம் கொஞ்சம்தான். கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் அது போதுமானதாக இருந்தது. கல்யாணமாகி மாரமங்கலம் வந்தபோது அப்பாவுக்கு இருந்தது ஒரு சரிவு நிலம். அதில் காப்பியும், மரத்தில் ஏற்றிய மிளகும், மேட்டுப்பகுதியில் கொஞ்சம் சாமையும். எனக்குப் பிறகு பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. பல வருடம் கழித்துத் தம்பி பிறந்தான். அப்போது நான் பாவாடை தாவணி கட்டத் தொடங்கிவிட்டேன். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்ததில் பாதி நான்தான்.

அம்மாவுக்குக் குரல் பெரிசு. தோட்டத்தின் அடியில் நின்று கூப்பிட்டால் பஸ் ஸ்டாப்பில் கேட்கும். அதை வைத்து அப்பா கேலி செய்யாத நாளே கிடையாது. கோபமும் பெரிசுதான், ஆனால் சோறு வைக்கும் நேரத்துக்குள் அது போய்விடும். யாருடைய வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். குப்பனூரில் என்னைக் கட்டிக்கொடுத்த பிறகும், அறுவடை முடிந்தால் என் மாமியாருக்கென்று தனியாக மிளகு கொடுத்துவிடுவார். என் மாமியார் வாயால் பாராட்டு வாங்கிய ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அம்மாதான்.

தம்பி நன்றாகப் படித்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன்தான். அவனை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பிய அன்று அம்மா பஸ்ஸில் ஏற்காடு வரை வாயே திறக்கவில்லை என்று அப்பா சொன்னார். அம்மா வாய் திறக்காமல் வந்தார் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த நாட்களில் ஊருக்குள் போனில் பேச முடியாது. பஸ் ஸ்டாப்புக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால்தான் டவர் எடுக்கும். அதனால் அதற்கு டவர் பாறை என்றே பேர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால், வெளியூரில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் அப்பா அம்மாக்கள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். பொரி, கடலை, வெற்றிலை எல்லாம் கைமாறும். ஒருவர் பிள்ளையிடம் மற்றவர்களும் பேசுவார்கள். அம்மாவின் போனில் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது, ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்யும். தம்பி கூப்பிட்டால் பாறையே அவனை நலம் விசாரிக்கும். எங்கள் ஊர் ஒற்றுமை அப்படி. நாங்கள் எல்லோரும் அதைப் பெருமையாகத்தான் நினைத்தோம்.

பாறைக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. படிக்கிற பிள்ளையிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது. மழை பொய்த்தாலும், மாடு செத்தாலும், "நல்லா இருக்கோம் கண்ணு" என்பதுதான் பதில். அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்தபோதும் அதே பதில்தான். தம்பி ஒவ்வொரு வாரமும் "அப்பாகிட்டக் குடும்மா" என்று கேட்பான். "அப்பா தோட்டத்துல இருக்காரு சாமி" என்று அம்மா சொல்வார். சுற்றி இருப்பவர்களும் "ஆமாங்க தம்பி, இப்பத்தான் பார்த்தோம்" என்று சேர்ந்து கத்துவார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பையன் நிம்மதியாகப் பரீட்சை எழுதட்டும் என்றுதான்.

அப்பா சேலம் ஆஸ்பத்திரியில் இறந்தார். அப்போதும் தம்பிக்குப் போன சேதி, "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல சாமி, நாளைக்குப் பரீட்சைய முடிச்சுப்போட்டுக் கெளம்பி வா" என்பதுதான். மழை பிடித்துக்கொண்டது. அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். முதல் பிடி மண்ணை மகன் போடவில்லை, பெரியப்பா மகன் போட்டார். எல்லோரும் குளித்த ஈரத்தோடு ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது பஸ் வந்து நின்றது. தம்பி இறங்கினான். கையில் ஒரு பை நிறைய மாதுளம்பழம்.

ஈரத் தலைகளைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. நேராக வீட்டுக்கு வந்து அம்மாவின் முன்னால் நின்றான். "எத்தன நாளாம்மா முடியாம இருந்தாரு?" என்றான்.

"ரெண்டு மாசமா சாமி. நீ படிக்கிறயேன்னு..."

அவன் பையைத் தூக்கிக் காட்டி, "இத என்னம்மா பண்றது?" என்று கேட்டான். அம்மா அந்தப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அந்தக் கேள்வியை அதன்பிறகு அவர் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

காரியம் முடிந்து அவன் கல்லூரிக்குத் திரும்பினான். ஞாயிறுதோறும் கூப்பிட்டான். "சாப்பிட்டயா?" "சாப்பிட்டேன்." "படிக்கிறயா?" "படிக்கிறேன்." "நல்லா இருக்கயா?" "நல்லா இருக்கேன்." எங்களிடமிருந்து கற்றுக்கொண்டதையே அவன் எங்களுக்குத் திருப்பிச் சொல்கிறான் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

கடைசியாக அவன் கூப்பிட்டது ஒரு ஞாயிறு. நான் ஊருக்குப் போயிருந்ததால் பாறையில் நானும் இருந்தேன். "அம்மா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பையன் எல்லோரையும் கேட்கிறானே என்று. "எல்லாரும் இருக்காங்க சாமி! அக்காகூட வந்திருக்குது. பேசறயா?" என்று போனைத் தூக்கிப் பிடித்தார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஓவென்று குரல் கொடுத்தோம். அவன் "இல்லம்மா, வெச்சர்றேன்" என்றான். அதன்பிறகு அவன் குரலை நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த வாரம் போன் அணைந்திருந்தது. அதற்கடுத்த வாரமும். ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் அம்மாவோடு கோயம்புத்தூர் போனார். அவருடைய மகளும் அப்போது திருச்சியில் படித்துக்கொண்டிருந்தாள். கடையை மூடிவிட்டு, "அக்கா, இதுக்கு நீங்க தனியாப் போகப்படாது" என்று கூடவே கிளம்பிவிட்டார். தம்பியின் அறை காலியாக இருந்தது. அவனோடு தங்கியிருந்த பையன்தான் விஷயத்தைச் சொன்னான். தமிழில் படித்து வந்தவனுக்கு இங்கிலீஷ் பாடம் எதுவும் பிடிபடவில்லை. முதல் வருடத்திலிருந்தே அரியர் விழுந்துகொண்டிருந்தது. அப்பா இறந்த பிறகு அவன் பரீட்சை எழுதவே போகவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, சாமி" என்று அம்மா அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சொல்லணும்னுதாங்கம்மா இருந்தான். ஆனா எங்கம்மாகிட்டத் தனியாப் பேசணும்னா ஊரே எந்திரிச்சுப் போகணும்டான்னு சொல்லுவான்."

அம்மா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார் என்று பாய் சொன்னார்.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். படிப்பை விட்ட பையன்கள் வேலை தேடிப் போகும் திருப்பூரில், பனியன் கம்பெனி வாசல்களில், வேலை விட்டுக் கூட்டம் வெளியே வரும் நேரத்தில், தம்பியின் போட்டோவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அம்மா நின்றார். காப்பித் தோட்டத்தைப் பெரியப்பா மகன் பார்த்துக்கொண்டார். ஒல்லியாக, தலையைக் குனிந்து நடக்கிற எந்தப் பையனைப் பார்த்தாலும் அம்மா பின்னால் ஓடினார். அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "ஒண்ணுமில்லீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாசலுக்கு வந்து நிற்பார். என் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நானும் கூடப் போயிருக்கிறேன்.  சேர்வராயன் கோயிலில் அம்மா வேண்டாத வேண்டுதல் இல்லை.

இதற்கெல்லாம் நடுவில் ஞாயிறு சாயங்காலம் மட்டும் எங்கே இருந்தாலும் பாறைக்கு வந்துவிடுவார். வந்தவர் முதலில் செய்த வேலை, அந்தக் கூட்டத்தைக் கலைத்தது. ஒருவர் பாறையில் ஏறினால் மற்றவர்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். "ஏனுங்க, நீங்க கீழ போங்க. அவங்கூட்டுப் புள்ளகிட்ட அவங்க பேசோணும்" என்று அந்தப் பெரிய குரலில் விரட்டுவார். முதலில் ஊருக்குக் கோபம். "நேத்து வரைக்கும் ஒண்ணா இருந்தோம், இன்னிக்கு என்ன ரகசியம்?" என்று கேட்டவர்கள் உண்டு. அம்மா யாருக்கும் பணியவில்லை.

போனை எடுத்ததும் "நான் மட்டுந்தான் இருக்கேன், பக்கத்துல யாருமில்ல" என்று முதலில் சொல்லச் சொன்னார். மார்க்கைப் பற்றிக் கேட்காமல் வீட்டில் நடப்பதை உள்ளபடி சொல்லச் சொன்னார். "நம்ம கஷ்டத்தச் சொன்னாத்தான் அதுக அதுக கஷ்டத்தச் சொல்லும். நான் சொல்லாமக் கெட்டேன்" என்பார். எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தி சேலத்தில் நர்சிங் படிக்கும் மகளிடம் அப்படித்தான் ஒருநாள் மிளகுக் கொடி முழுக்க நோய் விழுந்துவிட்டதைச் சொன்னார். அந்தப் பக்கம் மகள் அழத் தொடங்கினாள். படிப்பையே விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் என்று இருப்பதாகச் சொன்னாள். சித்தியும் சித்தப்பாவும் மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். அவள் படித்து முடித்தாள். அன்றைக்குச் சித்தி அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அம்மா சொன்னது ஒன்றுதான்: "உன்ற புள்ள உங்கிட்ட இருக்குதுல்ல, போ, சோறாக்கு."

சில வருடங்கள் கழித்து ஊருக்குள்ளேயே டவர் வந்துவிட்டது. அடுப்படியில் நின்றே பேசலாம். பாறைக்கு யாரும் போவதில்லை, அம்மாவைத் தவிர. அப்போது அவருக்கு இதயம் பலவீனமாகி, நான்கு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். மேடு ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளைகளோடு நான் ஊருக்குப் போகும் ஞாயிறுகளில் எனக்குக் கோபம் வரும். "ஊட்லயே எடுக்குதும்மா, அங்க என்னத்துக்குப் போற?" என்று கத்துவேன்.

"ஊட்டுல எடுக்குதுன்னு அவனுக்குத் தெரியாதுல்ல" என்பார். வீட்டில் பேரப்பிள்ளைகள் சத்தம் போடும்போது அவன் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்பது அவருடைய பயம்.  கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, நான் கீழே பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

கடைசி நாட்களில் அம்மா குப்பனூரில் என் வீட்டில் இருந்தார். நர்ஸ் ஆகிவிட்ட அந்தச் சித்தி மகள் வேலை முடிந்து வந்து அவரைக் கவனித்துக்கொண்டாள். போன் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தினமும் சார்ஜ் போட்டிருக்கிறதா என்று கேட்பார். ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "நான் போனா அவங்கிட்டச் சொல்லீருங்க. உடம்பு சரியில்ல, வந்துட்டுப் போன்னு இழுக்காதீங்க. அம்மா செத்துட்டான்னே சொல்லீருங்க. இனியொருக்கா அவன் பழம் வாங்கிட்டு வந்து நிக்கப்படாது" என்றார். சில நாட்களில் உயிர் பிரிந்தது. வருடம் முடிந்துவிட்டது. அம்மா சொன்னதை இன்னும் என்னால் செய்ய முடியவில்லை.

கடையை மூடிவிட்டு ஊர் ஊராக எங்களோடு அலைந்த பாய்க்கும், தோட்டத்தைக் காத்த பெரியப்பா குடும்பத்துக்கும், கடைசிவரை அம்மாவின் கையைப் பிடித்திருந்த சித்தி மகளுக்கும், போட்டோவை வாங்கி ஒட்டிக்கொண்ட பஸ் கண்டக்டர்களுக்கும் டீக்கடைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரை அதிகமாகவே அச்சடித்திருக்கிறோம். ஆளுக்கு இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றைப் பஸ்ஸிலோ, கடையிலோ, கம்பெனி வாசலிலோ, எங்காவது ஒரு பையன் கண்ணில் படும் இடத்தில் விட்டுவிடுங்கள். இதுதான் நான் உங்களிடம் கேட்கும் உதவி.

தம்பி, இதை நீ படித்தால்: அம்மா இறந்துவிட்டார். உடம்பு முடியவில்லை என்று இழுக்க மாட்டேன், ஆஸ்பத்திரியில் இல்லை, தோட்டத்தில் இல்லை. இறந்துவிட்டார். உன் பரீட்சையைப் பற்றி எல்லாம் எங்களுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. அதற்காக அவர் உன்மேல் ஒரு நாளும் கோபப்படவில்லை. அம்மாவின் போன் இப்போது என்னிடம் இருக்கிறது, பழைய நம்பர்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாறைக்குப் போய்விடுவேன். நான் மட்டும்தான் இருப்பேன். பக்கத்தில் யாரும் இல்லை.