பின்வரிசை வெர்லினும் காகிதத் தட்டும்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் சொல்கிற முதல் வார்த்தை ஒன்றுதான். "அடேங்கப்பா, கைக்குள்ள என்னமா உக்காருது!" உடனே மூலை முக்காலியில் காபியோடு இருக்கும் வெர்லின் ஆரம்பித்துவிடுவார்.

"ஏம்ப்பா, செருப்பா வாங்க வந்தே? பின்னாடி போய்ச் சுட்டுப் பாரு. கை பொய் சொல்லும், தட்டு சொல்லாது."

தட்டு என்றால் சர்ச் விருந்தில் பொரித்த மீனை வைத்துத் தின்கிற அதே காகிதத் தட்டுதான். கடைக்குப் பின்னால் மண்மேட்டில் இருபதடி தள்ளி அதைக் குத்திவிட்டு, இரண்டு மூன்று துப்பாக்கிகளைக் கொடுத்துச் சுடச் சொல்வார். எண்ணெய்க் கிணறுகளில் பம்ப் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கடையில் அவருக்குச் சம்பளமும் கிடையாது, வேலையும் கிடையாது. கடை என் தம்பியுடையது, கல்லாவில் இருப்பது நான். "ஓலீட்டா, அந்த ஆளு வாயைக் கொஞ்சம் மூடச் சொல்லேன், வர்றவனெல்லாம் ஓடிடறான்" என்று தம்பி என்னிடம் புலம்புவான். எனக்கென்னவோ வெர்லின் இல்லாத காலை விடிந்த மாதிரியே இருக்காது.

ஒருமுறை ஒருவன் மனைவியைக் கூட்டிவந்து, "சின்னக் கை, சின்னத் துப்பாக்கி கொடுங்க" என்றான். நூற்றுக்குத் தொண்ணூறு கணவன்மார் செய்கிற முட்டாள்தனம் இது. சின்னதுதான் கையை அதிகம் உதைக்கும். அந்தப் பெண் அதைச் சுட்டதில் மண்மேடு புழுதியானது, தட்டு அப்படியே இருந்தது. வெர்லின் பெரிதாக, அசிங்கமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சுட்டதெல்லாம் தட்டில் விழுந்தது.

"பிடிக்கவே இல்லைங்க. செங்கல்லைத் தூக்கின மாதிரி இருக்கு" என்றாள்.

"பிடிக்கலேன்னா என்னம்மா? அதையா கட்டிக்கப் போறே?"

கணவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. செங்கல்லைத்தான் வாங்கிப் போனார்கள்.

எங்கள் சர்ச்சில் பின்வரிசை பெஞ்சு, கதவோரம், வெர்லினுடையது. எங்கெங்கோ சர்ச்சுக்குள் புகுந்து சுடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, கோட்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் காவலுக்கு உட்காரட்டும் என்று பாஸ்டர் முடிவு செய்தார். பொறுப்பு வெர்லினுக்கு வந்தது. வருடா வருடம் வசந்தத்தில் ஆளுக்குப் பத்துத் தோட்டா. அதில் குறைந்தது எட்டு, தட்டுக்குள் விழ வேண்டும். விழாதவன் எழுந்து முன்வரிசைக்குப் போய்விட வேண்டும். விதி அவர் போட்டதுதான்.

போன வருடம் அந்த விதியில் மாட்டியவன் டப். வெர்லினோடு நாற்பது வருடம் கிணற்று வேலை பார்த்தவன், கூடப் பிறக்காத குறை. கண்ணில் புரை விழுந்திருந்தது.

"ஏழு" என்றார் வெர்லின்.

"டேய், அந்த ஒண்ணு ஓரத்தைத் தொட்டிருக்குடா."

"தொட்டாப் போதாது. போ, முன்னாடி போய்ப் பிள்ளைங்களோட உக்காந்து பாடு."

டப் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு அவனே வந்தான்.

இந்தக் குளிர்காலத்தில் வெர்லினின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. காபி தளும்பித் தரையில் கொட்டும், நான் பார்க்காதது போலத் துடைப்பேன். நடுக்குவாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி லவோன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை குட்டி இல்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரு பெஞ்சில், தன்னை எதிர்பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் அந்த மனிதருக்கு மிச்சம். அந்த இடம் போய்விட்டால் காலையில் எழுந்து முகம் கழுவவே காரணம் இருக்காது.

அப்புறம்தான் அந்தக் கூத்து. வெர்லின் துப்பாக்கி மாற்றத் தொடங்கினார். முதலில் தன்னுடைய பழைய கனத்த துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு இலேசானது வாங்கினார். பிறகு ரிவால்வர். பிறகு அதையும் திருப்பிவிட்டு, பிடி உருண்டையாக இருந்த ஒரு குட்டித் துப்பாக்கி. என்ன அநியாயம் என்றால், எதையாவது இறுகப் பிடித்ததும் அவர் நடுக்கம் சட்டென்று நின்றுவிடும். கல்லா முன்னால் நின்றுகொண்டு சின்னப் பிள்ளை போல என்னைப் பார்ப்பார்.

"ஓலீட்டா, பாரேன். கைக்குள்ள உக்காந்துடுச்சு."

மண்மேட்டுக்குப் போய்க் கையை நீட்டிக் குறிபார்த்ததும், பாழாய்ப்போன நடுக்கம் திரும்ப வந்துவிடும். தட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு வருவார். "இதோட விசை சரியில்ல" என்பார். நான் தலையாட்டுவேன். ஊருக்கெல்லாம் செருப்புக் கதை சொன்ன மனிதரிடம் அதைத் திருப்பிச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

வசந்தம் வந்தது. மற்றவர்கள் சுட்டு முடித்தார்கள். கடைசியில் வெர்லின் நின்றார், அந்தக் குட்டித் துப்பாக்கியோடு. எண்ணிச் சொல்கிற வேலை டப்புக்கு. முன்வரிசைக்குப் போனவனுக்கு அதைத்தான் கொடுத்திருந்தார்கள். பத்தும் சுட்டு முடிந்தது. டப் காதில் செருகிய பென்சிலோடு மெதுவாகத் தட்டருகே போனான். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வெகுநேரம் நின்றான். திரும்புவதற்கு முன்பே கத்தினான்.

"எட்டு!"

எல்லாரும் கை தட்டினார்கள். வெர்லின் தட்டை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தோட்டா போன ஓட்டையைச் சுற்றிக் கருப்பாக ஒரு வளையம் படியும், அழுக்குத் துணியில் துடைத்த மாதிரி. ஊருக்கே அதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர். பக்கத்தில் நின்ற எனக்கும் தெரிந்தது. ஆறு ஓட்டையில் வளையம் இருந்தது. இரண்டு ஓட்டை மட்டும் பென்சில் பருமனில், வளையம் இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"கண்ணு தெரியலேன்னு உன்னை முன்னாடி அனுப்பினேன்" என்றார் வெர்லின். "நல்லாத்தான்டா எண்ணுறே."

"எட்டுன்னா எட்டுதான். வா, காபி குடிப்போம்."

டப்பின் கண் கலங்கியிருந்தது. வெர்லின் தட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் பற்றிக்கொண்டு வந்தது. சர்ச் முழுக்கக் குழந்தைகள், கதவில் இந்தக் கை! ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு யார் பேசுவது?

ஞாயிற்றுக்கிழமை, கூடக் காவல் இருக்க வேண்டியவனுக்குக் கிணற்றில் வேலை. வெர்லின் மட்டும்தான். சர்ச் வாசலில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"விரல் கேக்க மாட்டேங்குதும்மா. இதைக் கொஞ்சம் பெல்ட்டுல மாட்டிவிடேன்."

உறையோடு துப்பாக்கியை என் கையில் வைத்தார். இந்த ரகத்தை நான் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தோட்டா இருந்தால் என்ன எடை, இல்லாவிட்டால் என்ன எடை என்று என் கைக்குத் தெரியும். உள்ளே ஒரு தோட்டாகூட இல்லை. வெறும் இரும்பு.

"பிரதர் வெர்லின்..."

"தெரியும்மா" என்றார் தாழ்ந்த குரலில். "இந்தக் கையில தோட்டாவைக் கொடுத்து, குறுக்கே ஒரு புள்ள ஓடினா?"

"அப்ப முன்னாடி வந்து உக்காருங்களேன். டப் பக்கத்துல இடம் இருக்கு."

"அங்க உக்காந்து நான் என்ன பண்றது, ஓலீட்டா?"

உள்ளே பியானோ தொடங்கிவிட்டது. உறையைப் பெல்ட்டில் மாட்டி, கோட்டை இழுத்து மூடிவிட்டேன். அவர் கோட்டுக்குள் கையை விட்டு அதை இறுகப் பிடித்தார். நடுக்கம் நின்றது.

"கைக்குள்ள என்னமா உக்காருது" என்றார்.

நான் உள்ளே போய், கதவுக்கு முதுகைக் காட்டி என் இடத்தில் உட்கார்ந்தேன்.