மாவட்டம் என்ற கட்டம்

வெள்ளவத்தையில் நான் வைத்திருந்தது தட்டச்சுக் கடைதான், ஆனால் ஏ.எல். பரீட்சை முடிவு வந்துவிட்டால் அது பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் கடையாகிவிடும். படிவங்களோடு மாரடித்த உங்களுக்குத் தெரியும், பெயர் எழுதுவது லேசு. எங்களுக்குப் பேனை நின்றது ‘மாவட்டம்’ என்ற கட்டத்தில். இடம் கிடைக்க வேண்டிய வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு.

இரண்டு ஊர்

சுகந்தி மன்னாரில் ஷெல்லடிக்குத் தப்பித் தாயோடு கொழும்புக்கு வந்து, லொட்ஜ் அறையில் இருந்து படித்தவள். அவளுடைய புள்ளிக்கு மன்னார் என்றால் மருத்துவம் நிச்சயம். கொழும்பு என்றால் இல்லை. தான் மன்னார்தான் என்று காட்ட, கொழும்பில் தங்கும் வெளியூர்த் தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைக் கொண்டுவந்தாள். அதில் ‘தற்காலிக வதிவு’ என்றே இருந்தது. ஆனால் பல்கலைக்கழகக் கையேடு கேட்டது கடைசி மூன்று வருசம் எங்கே படித்தாய் என்று. கொழும்பு என்றுதான் எழுதினேன். தாய் அழுதா. அவள் அழவில்லை. இரண்டாவது விருப்பமாக விஞ்ஞானம் போடச் சொன்னாள், அதுவே கிடைத்தது.

கடிதம் வந்த அன்று சுடச்சுட ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள்.

“பொலிசுக்கு நான் மன்னார், கம்பசுக்கு நான் கொழும்பு. இனிக் கலியாணத்துக்கு எந்த ஊர் எண்டும் நீங்களே நிரப்பிவிடுங்கோ அக்கா.”

குறைந்த புள்ளி

கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடையொன்றில் சமையல்காரரான ஆறுமுகம் மகளின் சான்றிதழோடு வந்தார். மகள் நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவளுடைய புள்ளியைப் பார்த்த நான், “இது உங்கட மாவட்டத்துக்குக் காணும்” என்றேன். வாங்கில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், “என்ரை பிள்ளை இதைவிடக் கூட எடுத்தும் வீட்டில இருக்கிறாள். அவையின்ரை மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவுதானே” என்று எனக்குச் சொல்வதுபோல ஆறுமுகத்துக்குச் சொன்னார்.

ஆறுமுகம் கோபிக்கவில்லை. மகளின் சான்றிதழை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்:

“புள்ளி குறைவுதாங்க அம்மா. ரெண்டு வருசத்துல பொருளியல் வாத்தியாரு ஆறு மாசந்தாங்க இருந்தாரு, அதுவும் குறைவுதானுங்களே.”

அந்த அம்மா நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். உட்கார்ந்ததும் ஆறுமுகம் கேட்டது:

“உங்க புள்ளைக்கு என்னா பாடங்க?”

மேன்முறையீடு

வங்கியில் வேலை செய்யும் சிவநாதன், மகனுக்குப் பொறியியல் மூன்று புள்ளியால் தவறியதற்கு மேன்முறையீடு அடிக்க வந்தார். “தமிழன் எண்டபடியால்தான் வெட்டினவங்கள்” என்று நான் தட்டி முடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சிங்கள ரீச்சர் பின்னால் நின்றதை அவர் காணவில்லை. ரீச்சருக்குத் தமிழ் விளங்கும். அவவும் அதே கடிதம் அடிக்கத்தான் வந்திருந்தா. அவவின் மகனுக்குத் தவறியது இரண்டு புள்ளியால்.

சிவநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. ரீச்சர் சிரித்துக்கொண்டே கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தா.

“உங்க மகனும் கொழும்பு, என் மகனும் கொழும்பு. கிடைக்காம போனா மட்டும் ஏன் மாத்தையா நீங்க வேற, நாங்க வேற?”

மொத்தத்தில், அத்தனை மாவட்டத்துப் பிள்ளைகளின் படிவங்களையும் கம்பசுக்கு அனுப்பிவைத்த நான், ஏ.எல். எழுதாத ஒரே காரணத்தால் எந்த வெட்டுப்புள்ளியிலும் அகப்படாமல் தப்பித்துக்கொண்டேன்.